மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷனா? வலிக்குத் தனியாக ஓர் ஊசி இருக்கிறது!

இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒன்று நாலு பக்கம். எழுதியவர் இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அவருடைய மாமியாருக்கு வயது எழுபத்து நாலு. விடியற்காலையில் குளியலறைக்குப் போனவர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது. இடுப்பு மூட்டை மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

'டாக்டரம்மா, அத்தைக்கு ஆபரேஷன் என்றால்கூடப் பயமில்லை, வலி என்றால்தான் பயம். அதைவிட முதுகில் ஊசி என்றால் பயம். "உனக்குப் பிரசவத்துல முதுகுல ஊசி போட்டதுலேர்ந்து நீ படற பாட்டைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேனே, எனக்கு அது வேண்டவே வேண்டாம்" என்கிறார்கள். மயக்க டாக்டர் வந்து நெர்வ் பிளாக் என்று ஏதோ சொன்னார். நரம்பை வெட்டிவிடுவார்களா? கால் விளங்காமல் போய்விடுமா? எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை' என்று கேட்டிருக்கிறார்.

அவருக்கு அன்றைக்கே தனியாகப் பதில் எழுதிவிட்டேன். இடுப்பு எலும்பு பத்திரிகை வரும்வரை காத்திருக்காது! ஆனால் வயதானவர்கள் இருக்கிற எந்த வீட்டிலும் இது நாளைக்கே நடக்கலாம். ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொள்வது யார்? மருமகளோ மகளோதான். ஆகவே நான் தினமும் செய்கிற இந்த மயக்க மருந்து வேலையைப் பற்றி உங்கள் எல்லோருக்குமாகக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் நரம்பை வெட்டுகிற பயம். கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறீர்களா? பல் டாக்டர் வாய்க்குள் தாடையின் ஓரமாக ஓர் ஊசி போட்டிருப்பார். பத்து நிமிஷத்தில் உதடு தடித்துப்போனதுபோல இருந்திருக்கும். பல்லைப் பிடுங்கியதே தெரிந்திருக்காது. சாயங்காலம் காபி குடிக்கும்போது எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். அதுதான் நெர்வ் பிளாக். நரம்பை யாரும் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அதன் பக்கத்தில் மருந்தை விடுகிறோம். அந்த மருந்து இருக்கிற வரையில் வலிச் செய்தி மூளைக்குப் போகாது. மருந்து கரைந்ததும் நரம்பு தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

இது ஒன்றும் நேற்று வந்த வித்தை இல்லை. 1884-ம் ஆண்டு வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர், கொக்கெய்ன் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரக்கச் செய்யலாம் என்று காட்டினார். பிறகு 1943-ல் ஸ்வீடனில் லிக்னோகெய்ன் வந்தது. 1957-ல் அங்கேயே பூபிவகெய்ன் வந்தது. இன்று இடுப்புக்கு நாங்கள் போடுவது பெரும்பாலும் இந்த பூபிவகெய்ன் அல்லது அதன் உறவான ரோபிவகெய்ன்தான்.

சரி, எதற்கு இந்த ஏற்பாடு? வலி வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானே?

நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். "நான் மூணு பெத்தவ. இதைப் பொறுத்துக்க மாட்டேனா?" என்று என்னிடம் கேட்காத பாட்டியே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். நர்ஸ் வந்து கேட்டால், "பரவாயில்லம்மா, வலி கொஞ்சம்தான்" என்பார்கள். பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு அம்மா தைரியசாலி என்று பெருமை. எனக்கோ பகீர் என்றிருக்கும்! பிரசவ வலி குழந்தை பிறந்ததும் போய்விடும். முறிந்த இடுப்பின் வலி அப்படி இல்லை. அசைந்தால் உயிர் போகிறது என்பதால் அந்த அம்மாள் அசையவே மாட்டார். புரண்டு படுக்காவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண். ஆழமாக மூச்சு இழுக்காமல், இருமாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா. காலை ஆட்டாமல் வைத்திருந்தால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போகிற ஆபத்து. இடுப்பு முறிந்த வயதானவர்களைக் கவிழ்ப்பது பல சமயம் எலும்பு அல்ல, இவைதான்.

இன்னொன்றும் உண்டு. ராத்திரியில் சம்பந்தமில்லாமல் பேசுவது, செத்துப்போன அண்ணனைக் கூப்பிடுவது, குளூகோஸ் குழாயைப் பிடுங்கி எறிவது. "பெரியம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று வீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள். சிலர் மந்திரிக்கக்கூடக் கிளம்பிவிடுவார்கள். இது வலியாலும் வரும், தூக்கமில்லாததாலும் வரும், வலிக்குப் போடுகிற பலமான மருந்துகளாலும் வரும். மார்ஃபின், டிரமடால் போன்றவை நல்ல மருந்துகள்தான், நானே போடுகிறேன். ஆனால் எழுபது வயது தாண்டியவர்களுக்கு அதிகமாகப் போனால் வாந்தி, மலச்சிக்கல், தலைச்சுற்றல், அரை மயக்கம், சில சமயம் மூச்சே மந்தமாவது, இத்தனையும் உண்டு. வலியையும் விட்டுவைக்கக் கூடாது, அந்த மருந்தையும் அள்ளிப் போடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நெர்வ் பிளாக் வந்து கைகொடுக்கிறது.

உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளைச் சலித்துப் பார்த்துச் சொல்கிற காக்ரேன் என்ற அமைப்பு, இடுப்பு முறிவுக்கான பிளாக்குகளைப் பற்றி 2020-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. ஊசி போட்ட அரை மணிக்குள் அசையும்போது வரும் வலி குறைகிறது, நான் சொன்ன அந்தப் புத்தித் தடுமாற்றம் குறைகிறது, நெஞ்சுச் சளித் தொல்லையும் குறையலாம், சீக்கிரம் எழுந்து நடமாட முடியலாம் என்று அதில் கண்டிருந்தது. வலிக்கான ஊசி வலியை மட்டும் பார்த்துக்கொள்வதில்லை, பாருங்கள்.

இடுப்பு மூட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. அது ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் உருண்டையும். உருண்டைக்குக் கீழே உள்ள கழுத்து முறிந்து விலகிவிட்டால், உருண்டைக்குப் போகிற ரத்தமே நின்றுபோகலாம். அதனால்தான் வயதானவர்களுக்கு ஒட்டவைப்பதைவிட மாற்றிவிடுவதே மேல் என்கிறார்கள். எண்ணெய்க் கட்டுப் போட்டு இதைச் சேர்க்க முடியாது. தயவுசெய்து நாளை வீணாக்காதீர்கள். இன்றைய முறையில் மூட்டு மாற்றுவதற்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் இருந்த ஜான் சார்ன்லி. வருஷம் 1962. உருண்டை உலோகம், கிண்ணம் ஒருவகை கெட்டி பிளாஸ்டிக்.

இந்த மூட்டுக்கு வலியைத் தெரிவிக்கிற நரம்புகள் முக்கியமாக அதன் முன்பக்கத்தில்தான் இருக்கின்றன. நமக்கு இது பெரிய சௌகரியம். நோயாளியைப் புரட்டவே வேண்டாம். மல்லாந்து படுத்தபடியே, தொடை இடுக்குக்குக் கொஞ்சம் வெளியே ஊசி போட்டுவிடலாம். கர்ப்பமாக இருந்தபோது வயிற்றில் ஜெல்லி தடவிக் குழந்தையைப் பார்த்தார்களே, அதே ஸ்கேன்தான் இதற்கும். ஊசி முனை எங்கே இருக்கிறது, ரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று திரையில் பார்த்துக்கொண்டே போடுகிறோம். முதலில் தோலை மரக்க வைத்துவிடுவதால் எறும்பு கடித்தாற்போலத்தான் இருக்கும்.

இதில் இரண்டு வகை அதிகமாக வழக்கத்தில் இருக்கிறது. ஒன்று 'ஃபேஸியா இலியாகா' பிளாக். பிரான்ஸில் டாலென்ஸ் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 1989-ல் இதை எழுதினார்கள், அதுவும் குழந்தைகளுக்காக! இடுப்புக்குள் இருக்கும் சதையின்மேல் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அதன் அடியில் முப்பது, நாற்பது மில்லி மருந்தை விட்டால், பாய்க்கு அடியில் ஊற்றிய தண்ணீர்போலப் பரவி, அங்கே ஓடும் நரம்புகளை நனைத்துவிடும். தொடையின் முன்பக்கமும் வெளிப்பக்கமும் மரத்துப்போகும். இதில் ஒரு சங்கடம், தொடையின் பலமும் கொஞ்சம் போய்விடும். நிற்க வைத்தால் முழங்கால் மடங்கும்.

அடுத்தது புதிது. 2018-ல் கனடாவில் டொரான்டோ நகரத்து டாக்டர்கள் எழுதியது. பெயர் 'பெங்' பிளாக். 'பெரிகாப்ஸுலர் நெர்வ் குரூப்' என்பதன் முதல் எழுத்துகள். அந்த டாக்டர்களில் ஒருவரின் பெயரும் பெங். எது எதற்கு ஏற்பட்டது என்று எங்களுக்குள்ளே சிரித்துக்கொள்வோம்! இதில் மருந்தை மூட்டுக்கு முன்னால், எலும்பை ஒட்டிய இடத்தில், இருபது மில்லி மட்டும் விடுகிறோம். மூட்டுக்குப் போகிற சின்னச் சின்ன நரம்புக் கிளைகள் மட்டும் மரக்கும். காலின் பலம் பெரும்பாலும் தங்கும். ஆனால் மேல் தோல் மரக்காது. வெட்டுகிற இடத்துக்கு ஆபரேஷன் டாக்டர் தனியாக மருந்து போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டில் எது நல்லது என்று கேட்காதீர்கள். என்ன ஆபரேஷன், நோயாளியின் நிலைமை என்ன, அந்த டாக்டருக்குக் கைவந்தது எது என்பதைப் பொறுத்தது அது. பழகிய கை முக்கியம்.

ஆபரேஷனுக்கு முன்னாலேயே இந்த ஊசிக்கு ஒரு பெரிய உபயோகம் உண்டு. முறிந்த இடுப்போடு இருப்பவரை எக்ஸ்ரே மேஜைக்கு மாற்றுவது, பெட்பான் வைப்பது, முதுகு ஊசி போட ஒருக்களித்துப் படுக்க வைப்பது, இதெல்லாம் எவ்வளவு கொடுமை தெரியுமா? வார்டு முழுக்கக் கேட்கும்படி அலறுவார்கள். முதலில் பிளாக் போட்டு இருபது, முப்பது நிமிஷம் விட்டுவிட்டால், அதே அம்மாள் "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே நம்மோடு ஒத்துழைத்துத் திரும்பிப் படுப்பார். பிரிட்டனில் 'நைஸ்' என்ற அரசு சார்ந்த அமைப்பு 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், ஆபரேஷனுக்கு முன் மற்ற வலி மருந்துகள் போதாவிட்டால் நரம்பு ஊசியை யோசிக்க வேண்டும் என்று இருந்தது. அவசர வார்டில் சேர்த்தவுடனே நீங்கள் தயங்காமல் கேட்கலாம். 'ஆபரேஷன் நாளைக்குத்தானே, அதுவரை ஓர் ஊசி போட்டு வலியைக் குறைக்க முடியுமா?' என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிளாக் மட்டும் போட்டு மூட்டு மாற்ற முடியுமா என்றால், சாதாரணமாக முடியாது. மூட்டின் பின்பக்கத்துக்கு வேறு நரம்புகள் இருக்கின்றன. ஆபரேஷனுக்கென்று முதுகு ஊசியோ முழு மயக்கமோ தேவைப்படும். பிளாக் என்பது அதற்கு முன்னும் பின்னும் வலியைப் பார்த்துக்கொள்ளும் துணை. முதுகு ஊசி இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் பிளாக்கின் அருமை தெரியும்.

முதுகு ஊசியா, முழு மயக்கமா என்று வீட்டில் சண்டையே நடக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1,600 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2021-ல் வெளிவந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, உயிரோடு நடமாடுகிறார்களா என்பதில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இருதயம், நுரையீரல், சாப்பிடுகிற மாத்திரைகள் ஆகியவற்றைப் பார்த்து மயக்க டாக்டர் எதைச் சொல்கிறாரோ அதற்குச் சம்மதிப்பது நல்லது.

முதுகு ஊசியால் ஆயுசுக்கும் முதுகுவலி என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குத்திய இடத்தில் இரண்டு மூன்று நாள் நோவு இருக்கலாம். சிலருக்குச் சில நாள் தலைவலி வரும், அதற்கு வைத்தியம் உண்டு. பிள்ளை பெற்ற பிறகு மாதக்கணக்கில் வருகிற முதுகுவலிக்குக் காரணம் வேறு. பத்து மாதம் வயிற்றைச் சுமந்த முதுகு, கூனிக்கொண்டு பால் கொடுப்பது, இடுப்பில் குழந்தையோடு வீட்டு வேலை. சிசேரியனே ஆகாமல் சுகப்பிரசவமானவர்களுக்கும்தான் முதுகு வலிக்கிறது! பாவம், பழி மட்டும் ஊசிக்கு. அந்த வாசகியின் மாமியாரிடம் இதைச் சொல்லச் சொல்லி எழுதியிருந்தேன்.

இனி ஆபரேஷன் முடிந்த ராத்திரி. இதுதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய நேரம். ஒரு தடவை போடுகிற பிளாக் சுமாராகப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம் வேலை செய்யும். சிலருக்கு முன்னே பின்னே இருக்கும். காலை பத்து மணிக்குப் போட்டால் என்ன ஆகும்? ராத்திரி பத்து மணியிலிருந்து விடியற்காலைக்குள் அது இறங்கும். சாயங்காலம் நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், "வலியே இல்லடி, மாத்திரை எதுக்கு? வயித்தைப் புண்ணாக்கும்" என்று மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். நடுராத்திரியில் பிளாக் இறங்கும்போது வலி ஒரே பாய்ச்சலாக வரும். அப்போது மாத்திரை கொடுத்து, அது வேலை செய்வதற்குள் எல்லோரும் கலங்கிப்போவோம். ஆகையால், எழுதிக் கொடுத்த பாரசிட்டமால் முதலான மருந்துகளை வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணிப்படி கொடுத்துவிடுங்கள். பிளாக் இறங்கும்போது மாத்திரை உள்ளே தயாராக இருக்க வேண்டும்.

அதற்காக வெளியே மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக், புரூஃபென் என்று வாங்கி வந்து நீங்களாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். வயதானவர்களின் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் அவை ஆகாமல் போகலாம். ஏற்கனவே எழுதிக் கொடுத்ததிலேயே ஒன்று இருந்து, இரட்டிப்பாகவும் ஆகிவிடும்.

மரத்த காலுக்குச் சூடு தெரியாது. அதனால் வெந்நீர்ப் பை, ஒத்தடம், தைலம் தேய்த்து உருவுவது எதுவும் கூடாது. காலில் கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். குதிகால் மெத்தையில் மணிக்கணக்கில் அழுந்தினாலும் அவருக்குத் தெரியாது. நர்ஸிடம் கேட்டு, கெண்டைக்கால் அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கிவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், வலி இல்லை என்பதால் பாட்டி தானாக எழுந்து பாத்ரூமுக்குக் கிளம்பிவிடுவார். யாரையும் எழுப்பக் கூடாது என்கிற நல்ல மனசு! முழங்கால் மடங்கி விழுந்தால் புது மூட்டுக்கே ஆபத்து. பிஸியோதெரபிஸ்ட் வந்து, காலைத் தூக்கச் சொல்லிப் பலம் பார்த்து, வாக்கர் கொடுத்து நடத்தட்டும். அது அன்றைக்கோ மறுநாளோ நடந்துவிடும். அதுவரை கட்டிலோடு கட்டிலாக ஒருவர் இருங்கள்.

ஆபத்தே இல்லையா என்றால், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டலாம். எப்போதாவது மரப்பு சில வாரங்கள் நீடிக்கும். நிரந்தரமாக நரம்பு கெடுவது மிக அபூர்வம். மருந்து ரத்தத்தில் அதிகமாகக் கலந்துவிட்டால் உதட்டைச் சுற்றி ஊறுவது, வாயில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல், பிறகு வலிப்பு, இருதயத் தொல்லை என்று போகலாம். இதற்குத்தான் ஊசி போடும்போது ஈ.சி.ஜி. திரையும் பிராணவாயுவும் வைத்துக்கொண்டு, "பாட்டி, வாய் எப்படி இருக்கு?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே போடுகிறோம். மாற்று மருந்தும் உண்டு. சோயா எண்ணெயில் செய்த, பால்போன்ற ஒரு கரைசல். அதைச் சிரையில் ஏற்றுவோம். அதனால், இந்தப் பாதுகாப்பெல்லாம் இருக்கிற இடத்தில், மயக்க டாக்டர் கையால்தான் இது நடக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் பார்க்க வரும்போது கூட்டத்தில் ஒதுங்கி நிற்காதீர்கள். பேசுகிறவர் பெரும்பாலும் பிள்ளையாக இருப்பார், ஆனால் மாமியார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது உங்களுக்குத்தானே தெரியும்! ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். முதுகு ஊசி போடலாமா, எந்த பிளாக் போடலாம் என்பதே அதைப் பொறுத்தது. நீங்களாக அவற்றை நிறுத்தவும் வேண்டாம். சர்க்கரை வியாதியால் ஏற்கனவே பாதம் மரத்திருந்தால், அதை ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பல் டாக்டர் போட்ட ஊசியால் எப்போதாவது உடம்பு தடித்ததா, தொடை இடுக்கில் புண் இருக்கிறதா, இதுவும் வேண்டும். அவர் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார். வலிக்கு என்ன ஏற்பாடு, பிளாக் உண்டா, எப்போது இறங்கும், அன்று ராத்திரி வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது மாத்திரை டப்பாவை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போங்கள். அலமாரியில் இருக்கிற லேகியத்தையும் சூரணத்தையும் சேர்த்துத்தான்.